கால் நனையும் ஆழம்

காலை ஆறு மணிக்குச் சில நிமிடங்கள் இருந்தன. பாளையங்கோட்டையைத் தாண்டி, அத்தான் வீட்டுப் புறவாசலில் மார்கழிப் பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. கிணற்றடி மாமரத்தின் கீழே, சருகுக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் ஒரு விசில் எழுந்தது. அத்தான் கையிலிருந்த செம்பைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"கேட்டியா மாப்ள? இந்த வருசமும் வந்துட்டு" என்றார்.

ஆறுமணிக்குருவி. விடியும்போதும் அந்தி சாயும்போதும் ஏறக்குறைய அந்த நேரத்துக்குக் குரல் கொடுப்பதால் நம் ஜனங்கள் வைத்த பெயர். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். வட, மத்திய இந்தியக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இறங்கிவரும் பறவை. ஐப்பசியில் வந்து சேரும் இரவுகளில் களைத்துப்போய் வீட்டுத் திண்ணையில் விழுந்து கிடப்பதும் உண்டு. பச்சை முதுகு, தோளில் நீலத்துண்டு, வாலடியில் குங்குமச் சிவப்பு. இத்தனை நிறத்தையும் உடம்பில் வைத்துக்கொண்டு அது சருகுக்குள் ஒளிந்தே திரிகிறது. கால்மணி நேரம் அசையாமல் நின்றோம். ஒரே ஒருமுறை வெளியே தத்தி வந்தது, அலகால் ஒரு சருகைப் புரட்டிப் போட்டது, மண்புழுவை இழுத்தது, மறைந்துவிட்டது.

அத்தான் உயிரியல் ஆசிரியர். கழுத்தில் பைனாகுலர் இல்லாமல் நான் அவரைப் பார்த்த நாட்கள் குறைவு. ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கலுக்கு முந்தைய இரண்டு நாட்களை அவரோடு குளங்களைச் சுற்றுவதற்கென்று ஒதுக்கிவைத்திருக்கிறேன். மலை ஏற வேண்டாம், காட்டுக்குள் போக வேண்டாம், அனுமதிச் சீட்டுக்கு அலைய வேண்டாம். ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் போதும்.

தென்பாண்டிச் சீமையில் பாசனக் குளத்தை ஏரி என்று யாரும் சொல்வதில்லை, குளம்தான். தாமிரபரணியில் 8 அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரியும் 11 கால்வாய்கள். அந்தக் கால்வாய்கள் குளம் குளமாக நிரப்பிக்கொண்டே போகின்றன. ஆற்றுத்தண்ணீர் அதிகம் எட்டாத நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் பெரும்பாலும் மழையை நம்பிய மானாவாரிக் குளங்கள். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் இவற்றை நிரப்பிவிட்டுப் போகும். சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் திபெத்திலும் நீர்நிலைகள் உறைந்து கிடக்கும் அதே மாதங்களில் இங்கே குளங்களில் தண்ணீர் நிற்கிறது. வலசைப் பறவைகள் இந்த நாட்டைத் தேடி வருவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. நெல்லுக்காக வெட்டப்பட்ட குளத்தில் அவை பங்கு கேட்டு வந்து உட்கார்ந்தன, நம் முன்னோர் மறுக்கவில்லை.

மூலக்கரைப்பட்டியில் டீயும் ஆமவடையும் சாப்பிட்டுவிட்டு கூந்தன்குளம் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு. திருநெல்வேலியிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர். வழியெல்லாம் செம்மண், குடைவிரித்த உடைமரங்கள், தூரத்தில் காற்றாலைகள். மழை குறைந்த இந்த நிலத்தில் இப்படி ஒரு பறவைக்கூட்டம் இருக்கும் என்று புதிதாக வருகிறவர்கள் நம்பமாட்டார்கள். ஊர் எல்லையைத் தொட்டதும் முதலில் வந்தது வாடை. மீனும் எச்சமும் ஈரச் சுள்ளியும் கலந்த கனத்த வாடை. பிறகுதான் மரங்களைப் பார்த்தோம்.

கூந்தன்குளத்தின் அதிசயம் குளத்தில் மட்டும் இல்லை, தெருவிலும் இருக்கிறது. வீட்டு முற்றத்து வேம்பிலும் தெருமுனைப் புளியமரத்திலும் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டுகின்றன. கீழே கோலம் போட்டிருக்கிறது, மேலே நாரை நிற்கிறது. நாங்கள் நின்ற இடத்துக்கு நேர் மேலே, பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் ஒரு ஜோடி. ஆண் ஒரு சுள்ளியைக் கொண்டுவந்தது. அதன் நீளம் பறவையின் கால் அளவுக்கு இருக்கும். பெண் அதை அலகு நுனியில் வாங்கி இடப்பக்கம் செருகிப் பார்த்தது, சரியாக உட்காரவில்லை. உருவி வலப்பக்கம் வைத்தது. அதுவும் பிடிக்கவில்லை. மூன்றாவது தடவை கூட்டின் நடுவில் குறுக்கே போட்டுக் காலால் மிதித்து அமுக்கியது. அது முடியும்வரை ஆண் பக்கத்திலேயே நின்றது, பிறகு இரண்டும் தலையைத் தாழ்த்தி அலகுகளைத் தடதடவென்று அடித்துக்கொண்டன. வளர்ந்த மஞ்சள் மூக்கு நாரைக்குக் குரல் கிடையாது என்றே சொல்லலாம். அலகுத் தாளம்தான் அதன் பேச்சு. இறக்கை மடிப்பின் ஓரத்தில் ரோஜா நிறம் தோய்த்தது போன்ற இறகுகள் தெரிந்தன. அந்த நிறத்தை இவ்வளவு பக்கத்தில் பார்க்க வேறெங்கும் எனக்குக் கொடுத்துவைத்ததில்லை.

வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஆச்சியிடம், "எச்சம் மேல விழாதா ஆச்சி?" என்று கேட்டேன்.

"விழத்தாம்யா செய்யும். பிள்ள பெத்த வீடு வாட அடிக்காமலா இருக்கும்?" என்றார். சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கூந்தன்குளமும் அதை ஒட்டிய காடன்குளமும் சேர்ந்து 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன, பரப்பு 129.33 ஹெக்டேர். 2021இல் ராம்சார் ஈரநிலம் என்ற சர்வதேசத் தகுதியும் கிடைத்தது. ஆனால் பறவைகளை முதலில் காத்தது அரசாணை அல்ல, ஊர். இந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கோடையில் குளம் வற்றியதும், எச்சம் ஊறிய கரம்பை மண்ணை அள்ளி வயலுக்கு அடிக்கிறார்கள். கூந்தன்குளம் என்றாலே பறவை பார்க்கிறவர்கள் பால்பாண்டியின் பெயரைச் சொல்வார்கள். கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை வீட்டுக்கு எடுத்துப்போய், மீன் ஊட்டி வளர்த்துப் பறக்கவிட்ட மனிதர் அவர். சட்டம் வந்தது நல்லது, ராம்சார் முத்திரையும் நல்லது. ஆனால் அந்த ஆச்சியைப் போன்றவர்கள் இல்லாத ஊரில் சட்டம் மட்டும் வேலிக்கம்பியாகத்தான் நிற்கும்.

குளக்கரைக்கு வந்தோம். மணிமுத்தாறு அணையிலிருந்து கால்வாய் வழியாக வரும் தண்ணீர் விரிந்து கிடந்தது. ஸ்பாட்டிங் ஸ்கோப்பை முக்காலியில் பொருத்திய அத்தான் பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டார். "பட்டத்து ராணிய பாரு."

வரித்தலை வாத்துகள். தண்ணீரின் நடுவே ஒரு திட்டில் நூற்றுக்கும் மேல். வெளிர்சாம்பல் உடல், வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள். ஒற்றைக் காலில் நின்று, கழுத்தை முதுகில் செருகித் தூங்கிக்கொண்டிருந்தன. ஓரத்தில் மூன்று மட்டும் தலையை உயர்த்திக் காவல். இரவெல்லாம் வயல்களிலும் புல்வெளிகளிலும் மேய்ந்துவிட்டு, பகலில் இப்படித் தண்ணீரில் ஓய்வெடுப்பது இவற்றின் வழக்கம்.

இரண்டரை, மூன்று கிலோ எடையுள்ள இந்தப் பறவை இமயமலையைத் தாண்டி வருகிறது. உடலில் கருவி பொருத்தி ஆராய்ந்தபோது ஒரு வாத்து 7,290 மீட்டர் உயரத்தில் பறந்தது பதிவானது. அந்த உயரத்தில் நமக்கு நடக்கவே மூச்சு முட்டும். அதன் இரத்தச் சிவப்பணுக்களுக்கு ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொள்ளும் தன்மை கூடுதல். மலைச் சரிவை ஒட்டியே ஏறி, பள்ளத்தாக்கு வந்ததும் இறங்கி, மறுபடி ஏறிப் பறக்கிறது. காற்று குளிர்ந்து அடர்ந்திருக்கும் இரவையும் விடியலையும் பெரும்பாலும் தேர்ந்துகொள்கிறது. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டப்பட்ட வாத்துகள் தென்னிந்தியக் குளங்களில் தென்பட்டிருக்கின்றன. அவ்வளவு தூரம் வந்த ஒன்று, நாங்குநேரி வட்டத்துக் குளத்தில் ஒற்றைக் காலில் நின்று தூங்குகிறது. ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

அப்போதுதான் கரைமேல் ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய நால்வரிடமும் பெரிய லென்சுகள். வாத்துகள் உட்கார்ந்திருக்கும் படம் அவர்களுக்குப் போதவில்லை. ஒருவர் சரிவில் இறங்கிக் கையைத் தட்டினார். மொத்தக் கூட்டமும் எழும்பியது, கேமராக்கள் படபடத்தன. அத்தான் கோபப்படுகிற ஆள் இல்லை. நேரே அவர்களிடம் போனார்.

"தம்பி, ஒரு நிமிசம். இதுக வெயிலடிக்கப் போறப்ப இமயமலைய திரும்பத் தாண்டணும். அதுக்குத்தான் இங்க தின்னு கொழுப்பு சேக்குது. நீங்க ஒரு தடவ கிளப்பி விட்டா, ராத்திரி பூரா மேஞ்சதுல கொஞ்சம் போச்சு. நாளைக்கு இன்னும் நாலு பேரு வருவாங்க."

அவர்கள் சங்கடத்தோடு தலையாட்டினார்கள். அதில் ஒரு பையன் பிறகு எங்களருகே வந்து ஸ்கோப்பில் அரைமணி நேரம் பார்த்தான், கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு. சொன்னால் கேட்கிறார்கள். சொல்வதற்குத்தான் கரையில் ஆள் இல்லை.

வெயில் ஏறியதும் விஜயநாராயணம் பெரியகுளத்துக்குப் போனோம். மாவட்டத்தின் மிகப் பெரிய குளங்களில் ஒன்று. தண்ணீர் கண்ணுக்கெட்டிய தூரம்வரை இருந்தது, பறவைகள் தொலைவில் புள்ளிகளாகத் தெரிந்தன. மீசை ஆலாக்கள் அலைமேல் தாழப் பறந்தன. அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

திரும்பும் வழியில் பார்த்த இரண்டு குளங்களைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதல் குளத்தின் பெயர் வேண்டாம். சில வருடங்களுக்கு முன் தூர்வாரிப் புதுப்பித்த குளம். கரை உயர்ந்து நேர்கோடாக நின்றது, மேலே நடைபாதை, நடுவில் மண்ணைக் குவித்துத் தீவு. தண்ணீர் நிறைந்து நீலமாகப் பளபளத்தது. பார்க்க லட்சணமான குளம். அதில் நாங்கள் எண்ணியவை: முக்குளிப்பான் ஆறு, சின்ன நீர்க்காகம் மூன்று, தீவின் ஓரத்தில் ஒரு சாம்பல் நாரை. அரைமணி நேரத்தில் அவ்வளவுதான்.

மூன்று கிலோமீட்டர் தள்ளி இரண்டாவது குளம். கரை கரடுமுரடாகப் பனைமரங்களோடு கிடந்தது. மடைப்பக்கம் தண்ணீர் ஆழமாக நிற்க, எதிர்ப்பக்கம் தரை மெல்ல மெல்ல மேலேறி, முழங்கால் தண்ணீர், கணுக்கால் தண்ணீர், சேறு, கோரை, புல் என்று முடிந்தது. புல்லில் ஆடுகள் மேய்ந்தன. பெயர்ப்பலகைகூட இல்லாத அந்தக் குளத்தில் ஒரு மணி நேரத்தில் முப்பத்தொரு வகைப் பறவைகளை எழுதினோம்.

அத்தான் கரையில் உட்கார்ந்து குளத்தைக் கைகாட்டிப் பாடம் எடுத்தார். "தண்ணியப் பாக்காத மாப்ள, காலப் பாரு."

பார்த்தேன். தண்ணீர் இல்லாத ஈரச் சேற்றில் மஞ்சள் வாலாட்டிகள் ஓடின. சேறு தண்ணீரைத் தொடும் கோட்டில் கொசு உள்ளான்கள். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும், வடதுருவத்துத் தூந்திர நிலத்தில் பிறந்தவை. தையல் மிஷின் ஊசிபோல் அலகைச் சேற்றில் குத்திக்கொண்டே நகர்ந்தன. விரற்கடை ஆழத்தில் பொரி உள்ளான். ஒரு சாண் ஆழத்தில் நெடுங்கால் உள்ளான், பவளக் குச்சி போன்ற கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தது. அதற்கடுத்த ஆழத்தில் ஊசிவால் வாத்துகள் தலைகீழாகக் கவிழ்ந்து அடித்தரையைக் கிளறின. அவற்றுக்கு முங்கி மீன் பிடிக்கத் தெரியாது, கழுத்து எட்டும் ஆழம்தான் அவற்றின் சாப்பாட்டுத் தட்டு. தட்டைவாயன்கள் அலகை நீர்ப்பரப்பில் வைத்து அரித்துக்கொண்டே வட்டமிட்டன. முழங்கால் ஆழத்தில் கரண்டிவாயன்கள் வரிசையாக நின்று, அலகை அரிவாள்போல் இடமும் வலமும் வீசின. பக்கத்தில் மஞ்சள் மூக்கு நாரை, அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு ஒற்றைக் காலால் சேற்றைக் கலக்கியது. அது மீனைக் கண்ணால் பார்ப்பதில்லை, அலகில் பட்டதும் கவ்வுகிறது. அதற்கும் அப்பால், மடையருகே ஆழத்தில் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும்.

ஒரு குளம், ஏழெட்டு அடுக்கு. ஒவ்வொரு பறவைக்கும் அதன் கால் நீளத்துக்கும் அலகு நீளத்துக்கும் ஒரு அடுக்கு. குளத்தை எல்லாப் பக்கமும் ஒரே ஆழமாக வெட்டினால் இந்த அடுக்குகளில் கடைசி ஒன்று மட்டும் மிஞ்சும். முதல் குளத்தில் நாங்கள் பார்த்தது, தீவோரத்து ஒற்றைச் சாம்பல் நாரையைத் தவிர, அந்தக் கடைசி அடுக்கின் பறவைகளை மட்டுமே.

தூர்வாருவது தவறு என்று நான் சொல்லவில்லை. குளம் விவசாயிக்கானது. மடைவாய் மேடேறிப்போனால் கடைமடை வயல் காயும். முன்பெல்லாம் கோடையில் வற்றிய குளத்தில் மாட்டு வண்டி கட்டிக் கரம்பை அள்ளினார்கள். வண்டி கொஞ்சம் கொஞ்சமாக அள்ளியதால் சரிவு சரிவாகவே இருந்தது. இன்று ஜேசிபி ஒரு வாரத்தில் செங்குத்தாகப் பள்ளம் தோண்டிவிடுகிறது. அள்ளிய மண் எல்லாமே வயலுக்குப் போவதுமில்லை. நடுத்தீவு போட்டு மரக்கன்று வைப்பதைப் பறவைகளுக்குச் செய்யும் நன்மையாக நினைக்கிறார்கள். கூடுகட்டும் சில பறவைகளுக்கு அது உதவும்தான். ஆனால் குளிர்காலத்தில் வரும் பெருங்கூட்டம் இங்கே கூடு கட்ட வருவதில்லை, தின்ன வருகிறது. அதற்கு வேண்டியது சாண் தண்ணீரும் சேறும். இது என் தீர்ப்பு, இருபது வருடம் குளக்கரைகளில் நின்ற அத்தானின் தீர்ப்பும் இதுதான்.

மறுநாள் மேற்கே போனோம். பிசானப் பயிர் பச்சை கட்டி நின்ற வயல்கள், வரப்பில் பழுப்புக் கீச்சான், மின்கம்பியில் வரிசையாகத் தகைவிலான்கள், பனைமரத்தில் பனங்காடை. ஒரு களத்துமேட்டில் சேற்றுப்பூனைப் பருந்து பயிரை உரசுவதுபோல் தாழப் பறந்து வந்தது. அதுவரை எங்கே இருந்தன என்றே தெரியாத உள்ளான்கள் கொத்தாக எழும்பித் திசைமாறின.

தாமிரபரணியோடு கடனாநதி சேரும் இடத்தில் இருக்கிறது திருப்புடைமருதூர். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் மரச்சிற்பங்களும் சுவரோவியங்களும் உள்ளன. அவற்றைப் பார்க்க வருகிறவர்கள் வெளியே வந்து அண்ணாந்து பார்க்க மறக்கக்கூடாது. ஆற்றங்கரை மருதமரங்களிலும் இலுப்பை மரங்களிலும் நாரைகளும் கொக்குகளும் அடைந்திருக்கும். ஊர்மக்களின் ஈடுபாட்டால் 2005இல் இது பறவைகள் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002இல் செய்த திருத்தம் இதற்கு வழி திறந்தது. நாட்டில் இவ்வகையில் முதலாவது இதுதான். மொத்தப் பரப்பு 2.84 ஹெக்டேர், ஏறக்குறைய 7 ஏக்கர்தான். பெரிய காடு வேண்டியதில்லை, வெட்டாத மரம் சிலவும் பக்கத்தில் மேய ஈரநிலமும் இருந்தால் போதும் என்பதற்கு இந்த ஏழு ஏக்கர் சாட்சி. நாரை இங்கே தூங்கும், இரைக்குச் சுற்றிலும் உள்ள வயலுக்கும் குளத்துக்கும்தான் போகும். கோயில் மரத்தை மட்டும் காத்துவிட்டுக் குளத்தை விட்டுவிட்டால் ஒருநாள் மரமும் காலியாகும்.

அந்தியில், திரும்பும் வழியில், சாலையோரக் குளம் ஒன்றில் வண்டியை நிறுத்தினார் அத்தான். சம்பைப் புதர்மேல் வானம் கறுத்துப் புகைபோல் நெளிந்தது. சூறைக்குருவிகள். ரோஜா நிற உடலும் கறுப்புத் தலையும் கொண்ட மைனா இனம், மத்திய ஆசியாவின் புல்வெளிகளிலிருந்து வந்தவை. ஆயிரக்கணக்கில் சேர்ந்து சுருண்டு, விரிந்து, பந்தாகி, ஒரு வல்லூறு குறுக்கே வந்ததும் இரண்டாகக் கிழிந்து மறுபடி ஒன்றாகின. தலைக்குமேல் கடந்தபோது இறக்கைச் சத்தம் மழை வருவதுபோல் கேட்டது.

"எப்படி எண்ணுவீங்க அத்தான் இத?"

"முதல்ல பத்து எண்ணு. அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்குதுன்னு கண்ணுல வச்சுக்கோ. அதே மாதிரி பத்து இடம் நூறு. நூற வச்சு ஆயிரம். எங்கிட்டப் படிக்க பிள்ளைக எட்டாம் வகுப்புலயே செய்யுதுக."

அப்படி எண்ணும் பிள்ளைகள் இந்தப் பக்கம் நிறையப் பேர். மணிமுத்தாற்றில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011இலிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறது. மாணவர்களும் ஊர்க்காரர்களும் அதில் கலந்துகொள்கிறார்கள். தமிழகம் முழுவதற்குமான பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015இல் தொடங்கியது. பொங்கல் விடுமுறையின் நான்கு நாட்களில் யார் வேண்டுமானாலும் எந்த இடத்திலும் செய்யலாம். 15 நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் குறித்து, இ-பேர்டு தளத்தில் பதிந்தால் போதும். ஒரு குளத்துக்கு வருடா வருடம் இப்படிப் பட்டியல் இருந்தால், அங்கே எது குறைந்தது, எப்போது குறைந்தது என்று காகிதத்தோடு பேச முடியும்.

வெளியூரில் இருக்கிறவர்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போவீர்கள். பனங்கிழங்கு அவிவதற்குள் குளக்கரைக்கு ஒரு நடை போய்வாருங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எந்தப் பறவை எவ்வளவு தண்ணீரில் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். உங்கள் குளத்தைத் தூர்வாரும் திட்டம் வந்தால், மடைப்பக்கத்தை ஆழப்படுத்துங்கள், எதிர்ப்பக்கச் சரிவைத் தொடாமல் விடுங்கள் என்று கேளுங்கள். அதற்குத் தனி நிதி வேண்டாம், செலவு குறையத்தான் செய்யும். பொங்கல் முடிந்து பத்து நாளில், ஜனவரி 26 அன்று, ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராமசபை கூடுகிறது. அங்கே எழுந்து நின்று சொல்லுங்கள்.